அடி ஏன் குறைந்தது, குறி ஏன் தவறியது: வெஸ்னாத் போர்க் கணக்கை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பேட்டில் ஃபார் வெஸ்னாத், 2003-ல் டேவிட் வைட் தொடங்கிவைத்த திறந்த மூல ஆட்டம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கி ஆடலாம். இரு தரப்பும் மாறி மாறிப் படையை நகர்த்தும் உத்தி ஆட்டங்களில், தன் போர்க் கணக்கை இவ்வளவு வெளிப்படையாகத் திறந்து வைத்திருக்கும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் புதிதாக ஆடுபவர்களில் பலர் முதல் சில நாட்களிலேயே "கணினி ஏமாற்றுகிறது" என்று சொல்லி விலகிவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. அவர்கள் புகார் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்; அவை ஒவ்வொன்றுக்கும் தெளிவான விளக்கமும் இருக்கிறது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு அடிப்படை. ஒவ்வொரு மோதலிலும் ஆட்டம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. எத்தனை முறை வீசலாம்? வீசியது படுமா? பட்டால் எவ்வளவு சேதம்? முதல் கேள்விக்கு ஆயுதமே பதில் சொல்லிவிடும். 7-3 என்று எழுதியிருந்தால் மூன்று வீச்சுகள், பட்ட ஒவ்வொன்றுக்கும் 7 சேதம். இரண்டாவது கேள்விக்கு, அடி வாங்குபவர் நிற்கும் நிலம் பதில் சொல்கிறது. மூன்றாவதற்குப் பொழுது, தலைமைத் திறன், எதிர்ப்புத்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து பதில் சொல்கின்றன. நிலம் அடியின் கனத்தைத் தொடுவதில்லை. பகலும் இரவும் குறியைத் தொடுவதில்லை. உங்கள் குழப்பம் குறியைப் பற்றியதா, கனத்தைப் பற்றியதா என்று முதலில் பிரித்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். எதிரியின் மீது சொடுக்கியதும் ஆயுதம் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். அதில் 'டேமேஜ் கால்குலேஷன்ஸ்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்தக் காரணத்துக்காக எத்தனை விழுக்காடு கூடியது, எத்தனை குறைந்தது என்று வரிவரியாகக் காட்டும். அதற்குக் கீழே, சண்டை முடிந்தபின் இரு தரப்புக்கும் எத்தனை உயிர்ப்புள்ளி மிஞ்ச எவ்வளவு வாய்ப்பு என்பதும் இருக்கும். அழுத்திப் பார்த்தபின் தாக்காமல் விலகிக்கொள்ளலாம், அதற்கு எந்த இழப்பும் கிடையாது. தாக்குதலுக்கு முன் இதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் உங்களை அண்டாது.

கீழே தரும் எண்கள் பண்புகள் (வீரருக்கு வீரர் மாறும் தனிக்குணங்கள்) சேராத இயல்பான வீரர்களுக்கானவை. பதிப்புக்குப் பதிப்பு சில எண்களைத் திருத்துவார்கள். கணக்கின் முறை அப்படியே இருக்கும்.

அறிகுறி: மலையின் மேல் நின்று அடித்தும் குறி தவறுகிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். நீங்கள் நிற்கும் மலை, உங்கள் அடிக்கு எந்த உதவியும் செய்யாது. அது உங்கள் மேல் விழும் அடியை மட்டுமே தவறவைக்கும். உங்கள் அடி படுமா என்பதை முடிவு செய்வது எதிரி நிற்கும் கட்டம். அவருடைய தற்காப்பு 60 விழுக்காடு என்றால் உங்கள் ஒவ்வொரு வீச்சும் பட 40 விழுக்காடு வாய்ப்பு. உங்கள் நிலை, அனுபவம், ஆயுதம் எதுவும் அதை மாற்றாது. சிறப்புத் திறன் ஏதாவது இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

சரிசெய்ய, எதிரி நிற்கும் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்துப் பக்கப் பட்டியில் அவருடைய தற்காப்பு விழுக்காட்டைப் படியுங்கள். அதே நிலம் எல்லோருக்கும் ஒரே தற்காப்பைத் தராது என்பதையும் கவனியுங்கள். புல்வெளியில் ஈட்டி ஏந்தும் ஸ்பியர்மேனுக்கு 40 விழுக்காடு, குள்ளர்களுக்கு 30. மலையில் அதே குள்ளர்களுக்கு 70. கோட்டைக்குள் நின்றால் பெரும்பாலானவர்களுக்கு 60 கிடைக்கும். கனமான கவசம் அணிந்த ஹெவி இன்ஃபன்ட்ரிமேனுக்கோ ஊருக்குள் நின்றாலும் 40-தான். ஆழமில்லாத நீரில் நிற்கும் காலாட்படைக்கு வெறும் 20 விழுக்காடு. அங்கேயே மீன்மனிதர்களுக்கு 60. ஆற்றைக் கடக்கும் துறைகள் இன்னும் நுட்பமானவை. அந்தக் கட்டத்தைப் புல்வெளியாகவோ நீராகவோ எடுத்துக்கொண்டு, நிற்பவருக்கு எது நல்லதோ அதையே ஆட்டம் தரும். ஆகவே துறையில் நிற்கும் மீன்மனிதரை 'நீரை விட்டு வெளியே வந்துவிட்டார்' என்று நம்பித் தாக்கினால் அவருடைய 60 விழுக்காடு அப்படியே நிற்கும்.

வௌவால்கள் வேறு மாதிரி. மற்ற இடங்களில் 60 விழுக்காடு தப்பும் வாம்பயர் பேட், ஊருக்குள் 50-க்கு இறங்கிவிடும். விலங்குத்தன்மை கொண்ட உயிர்கள் வீட்டுச் சுவர்களின் பயனை முழுதாகப் பெறுவதில்லை என்பது அதன் பண்பில் எழுதியிருக்கிறது.

நிலத்தை மீறும் இரண்டு திறன்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'மேஜிக்கல்' என்று குறித்த ஆயுதம் எந்த நிலத்திலும் 70 விழுக்காடு படும், தாக்கும்போதும் திருப்பி அடிக்கும்போதும். கோட்டையில் பதுங்கியவருக்கு எதிராக இது பெரிய வரம். நீரில் நிற்பவருக்கு எதிராக இது நட்டம். சாதாரண வீரருக்கு 80 கிடைக்கும் இடத்தில் மந்திரவாதிக்கு அதே 70-தான். 'மார்க்ஸ்மேன்' திறனோ குறைந்தபட்சம் 60 விழுக்காட்டை உறுதி செய்யும், நிலம் அதற்கு மேல் தந்தால் அதையும் விட்டுக்கொடுக்காது. ஆனால் நீங்கள் தாக்கும்போது மட்டும். எதிரி உங்கள் வில்லாளரைத் தாக்கும்போது அவர் சாதாரண வில்லாளர்தான்.

அறிகுறி: ஏழு என்று எழுதியிருக்கிறது, மூன்றுதான் விழுகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் அழகு முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஸ்பியர்மேனின் ஈட்டி 7-3. அவரை ஒரு எலும்புக்கூட்டின் மேல் ஏவுகிறீர்கள். எலும்புக்கூட்டுக்குக் குத்தும் ஆயுதங்களுக்கு எதிராக 60 விழுக்காடு எதிர்ப்புத்திறன். விலா எலும்புகளுக்கு நடுவே ஈட்டி போய்வரும், அவ்வளவுதான். எஞ்சும் 40 விழுக்காட்டை 7-ஓடு பெருக்கினால் 2.8, முழுதாக்கினால் 3. அதே எலும்புக்கூட்டை நசுக்கும் ஆயுதம் 20 விழுக்காடு கூடுதலாக வருத்தும். ஹெவி இன்ஃபன்ட்ரிமேனின் 11-2 கதாயுதம் அதன்மேல் 13.2, அதாவது 13 ஆக விழும். ஈட்டிக்காரர்கள் நான்கு பேரைச் சுற்றி நிறுத்திவிட்டு "ஏன் சாகவில்லை" என்று கேட்பதைவிட ஒரு கதாயுதக்காரரை வரவழைப்பது மலிவு.

அடுத்து பொழுது. ஒரு நாள் ஆறு சுற்றுகள் கொண்டது: விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரவின் முன்பகுதி, பின்பகுதி. 'லாஃபுல்' வகையினருக்குக் காலையிலும் பிற்பகலிலும் 25 விழுக்காடு கூடும், இரு இரவுச் சுற்றுகளிலும் 25 குறையும். 'கயாட்டிக்' வகையினருக்கு அப்படியே தலைகீழ். விடியலும் அந்தியும் இந்த இரு வகையினருக்கும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. எல்விஷ் ஃபைட்டர், டுவார்விஷ் ஃபைட்டர் போன்ற நடுநிலையினரைப் பொழுது பாதிப்பதில்லை.

இவை எப்படிச் சேர்கின்றன என்பதில்தான் மனக்கணக்கு தவறுகிறது. பொழுதின் விழுக்காட்டையும் தலைமைத் திறனின் விழுக்காட்டையும் ஆட்டம் முதலில் கூட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுத்தொகையை எதிர்ப்புத்திறனோடு பெருக்கும். பிறகு அடிப்படைச் சேதத்தோடு பெருக்கி, கடைசியில் ஒரே ஒரு முறை முழு எண்ணாக்கும். இடையில் எங்கும் முழுதாக்குவதில்லை.

அந்த முழுதாக்கலில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. சரியாக அரை வந்தால் அடிப்படை எண்ணின் பக்கம் சாயும். பகலில் ஸ்பியர்மேன் எலும்புக்கூட்டைக் குத்தினால் 7 × 1.25 × 0.4 = 3.5. மொத்தத்தில் சேதம் குறைந்திருக்கிறது, ஆகவே அரை மேல்நோக்கிப் போய் 4 ஆகிறது. அதே பகலில் கதாயுதக்காரர் அடித்தால் 11 × 1.25 × 1.2 = 16.5. இங்கே சேதம் கூடியிருக்கிறது, ஆகவே அரை கீழிறங்கி 16 ஆகிறது. ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டும் ஒரே விதி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எத்தனை எதிர்ப்பு இருந்தாலும் பட்ட அடி குறைந்தது 1 சேதமாவது தரும்.

இரவில் இதே ஈட்டி 2.1, அதாவது 2. கதாயுதம் 9.9, அதாவது 10. எதிர்த் திசையிலும் பாருங்கள். எலும்புக்கூட்டின் கோடாரி 7-3, கயாட்டிக் வகை. பகலில் அது ஸ்பியர்மேனின் மேல் 5 ஆக விழும், இரவில் 9 ஆக விழும். மூன்றும் பட்டால் பகலில் 15, இரவில் 27. ஸ்பியர்மேனின் உயிர்ப்புள்ளி 36 மட்டுமே. அந்தி வரும்போது வரிசையைப் பின்னிழுத்து, விடியலில் மீண்டும் முன்னேறுவது என்ற வெஸ்னாத்தின் அடிப்படை ஒழுங்கு முழுவதும் இந்த இரண்டு எண்களிலிருந்து பிறந்தது.

சில நேரம் ஒரே வீரர் ஒரே எதிரியிடம், ஒரே பொழுதில் இரண்டு விதமாக அடி வாங்குவார். அப்போது 'ஸ்டெட்ஃபாஸ்ட்' திறன் இருக்கிறதா என்று பாருங்கள். டுவார்விஷ் கார்ட்ஸ்மேன் தாக்கப்படும்போது அவருடைய எதிர்ப்புத்திறன் 50 விழுக்காடு என்ற எல்லைக்குள் இரட்டிப்பாகும். வெட்டுக்கு எதிரான 20 விழுக்காடு 40 ஆகும். அந்திப் பொழுதில் ஓர்க் கிரண்ட் தன் 9-2 வாளால் அவரைத் தாக்கினால் ஒவ்வொரு அடியும் 5. அவரே முந்திக்கொண்டு கிரண்டைத் தாக்கினால், திரும்பி வரும் ஒவ்வொரு அடியும் 7. இவர் காத்து நிற்பதற்காகப் படைக்கப்பட்டவர். அவரைத் தாக்க அனுப்புவது அந்தத் திறனைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

அறிகுறி: தலைவர் பக்கத்தில் நிற்கிறார், பலன் தெரியவில்லை

மூன்று இடங்களில் பாருங்கள். ஒன்று, தலைமைத் திறன் தன்னைவிடக் கீழ்நிலையில் உள்ளவருக்கு மட்டுமே உதவும்; நிலை வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு. இரண்டாம் நிலை லெஃப்டினென்ட், முதல் நிலை ஸ்பியர்மேனுக்கு 25 தருவார். இன்னொரு இரண்டாம் நிலை வீரருக்கு ஒன்றும் தரமாட்டார். பாடுபட்டு வளர்த்த ஸ்பியர்மேன் அடுத்த நிலைக்கு ஏறியதும் உதவி நின்றுபோவது இதனால்தான். இரண்டு, தலைவர்கள் இருவர் பக்கத்தில் நின்றாலும் பெரியது ஒன்றே சேரும்.

மூன்றாவது, இரவு. லாஃபுல் வீரருக்கு இரவில் 25 குறைகிறது, லெஃப்டினென்ட் 25 கூட்டுகிறார். இரண்டும் கூட்டலில் கழிந்து 7 என்பது 7 ஆகவே நிற்கும். திரையில் எண் மாறாததைப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று நினைக்க வேண்டாம்; அவர் இல்லாவிட்டால் அது 5 ஆக இருந்திருக்கும்.

முழுதாக்கலும் சில நேரம் உதவியை விழுங்கும். பகலில், லெஃப்டினென்ட் பக்கத்தில் நிற்க, ஸ்பியர்மேன் எலும்புக்கூட்டைக் குத்தினால் 7 × 1.5 × 0.4 = 4.2, அதாவது 4. லெஃப்டினென்ட் இல்லாமலும் அது 4-தான். அந்தச் சுற்றில் அவரைக் கதாயுதக்காரரின் பக்கம் நகர்த்துங்கள். அங்கே 16 என்பது 20 ஆகும்.

அறிகுறி: பகல்தான், ஆனாலும் என் வீரருக்கு இரவுக் கழிவு விழுகிறது

திரையின் ஓரத்தில் தெரியும் சூரியன் வரைபடம் முழுவதற்கும் பொதுவானது என்று நம்பிவிடுவதால் வரும் குழப்பம் இது. பொழுது கட்டத்துக்குக் கட்டம் மாறலாம். குகைக்குள் நடக்கும் போர்களில் எப்போதும் இரவின் கணக்கே ஓடும். மேஜ் ஆஃப் லைட் போல ஒளி வீசும் வீரருக்குப் பக்கத்துக் கட்டங்களில் இரவு 25 விழுக்காடு வெளுத்துவிடும். அந்த ஒளி யார் மேல் விழுந்தாலும் செல்லும்; ஆகவே ஒளிக்குள் வந்து நின்று தாக்கும் எலும்புக்கூடு தன் இரவுப் பலத்தை இழக்கும். ஒவ்வொருவருடைய சேதத்துக்கும் அவரவர் நிற்கும் கட்டத்தின் பொழுதுதான் கணக்கு. தாக்கப் போகும் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்துப் பொழுதுப் படத்தைப் பாருங்கள், மாறினால் தெரிந்துவிடும்.

எதிரிக்குப் பொழுது ஒத்துவராதபோதும் கழிவே விழவில்லை என்றால், அவருடைய பண்புகளில் 'ஃபியர்லெஸ்' இருக்கிறதா என்று படியுங்கள். அது உள்ளவர் பாதகமான பொழுதிலும் முழுப் பலத்தோடு அடிப்பார்.

அறிகுறி: நான் அடித்தேன், எதிரி திருப்பி அடிக்கவே இல்லை, அல்லது எதிர்பாராமல் அடித்தார்

நெருங்கி அடித்தால் நெருங்கி அடிக்கும் ஆயுதமே பதில் சொல்லும், தூரத்திலிருந்து எய்தால் எய்யும் ஆயுதம். இருள் மந்திரம் எறியும் டார்க் அடெப்டுக்கு நெருங்கி அடிக்கும் ஆயுதமே கிடையாது, அவரை வாளால் தாக்கினால் பதில் வராது. ஸ்பியர்மேனை எளிதான இலக்கு என்று வில்லால் எய்பவர்கள் அவரிடம் 6-1 எறியீட்டி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எந்த ஆயுதத்தால் பதில் சொல்வது என்பதைத் தாக்கப்படுபவருக்காக ஆட்டமே தேர்ந்தெடுக்கும்.

அறிகுறி: இரட்டிப்புத் திறன் எனக்கே திரும்பி வருகிறது, அல்லது வரவே இல்லை

ஹார்ஸ்மேனின் 'சார்ஜ்' திறன், தாக்கும்போது இரு தரப்பின் சேதத்தையும் இரட்டிப்பாக்கும். இரு தரப்பின் என்ற சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பகலில், புல்வெளியில் நிற்கும் ஸ்பியர்மேனை, புல்வெளியிலிருந்தே ஹார்ஸ்மேன் பாய்ந்து தாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஹார்ஸ்மேனின் 9-2 இரட்டிப்பாகி 18, பகலில் 22.5, முழுதாக்கினால் 22. இரண்டும் பட்டால் ஸ்பியர்மேன் போய்விடுவார். மறுபக்கம், ஈட்டியின் 7 இரட்டிப்பாகி 14. பகல் 25 விழுக்காடு கூட்டும், குதிரைவீரருக்குக் குத்துக்கு எதிராக உள்ள 20 விழுக்காடு பலவீனமும் சேரும். 14 × 1.25 × 1.2 = 21. ஹார்ஸ்மேனின் உயிர்ப்புள்ளி 38, ஆகவே இரண்டு குத்துகள் போதும். ஸ்பியர்மேனுக்கு 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' வேறு இருக்கிறது; தாக்கப்பட்டாலும் முதல் குத்து அவருடையது.

இரு தரப்புக்கும் படும் வாய்ப்பு 60 விழுக்காடு. வீச்சு வரிசை: ஈட்டி, குதிரை, ஈட்டி, குதிரை, ஈட்டி. ஸ்பியர்மேன் சாக வேண்டுமானால் அவருடைய முதல் இரண்டு குத்துகளில் ஒன்றாவது தவற வேண்டும், குதிரையின் இரண்டும் பட வேண்டும். 0.64 × 0.36, அதாவது சுமார் 23 விழுக்காடு. ஹார்ஸ்மேன் சாகும் வாய்ப்போ முதல் இரண்டிலேயே முடிவது 36 விழுக்காடு, மூன்றாவது குத்துவரை போய் முடிவது இன்னும் 18. கூட்டினால் சுமார் 54. பாய்ந்தவர் சாகும் வாய்ப்பு, பாயப்பட்டவர் சாகும் வாய்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதே ஹார்ஸ்மேன் நெருங்கி அடிக்க முடியாத டார்க் அடெப்டின் மேல் பாய்ந்தால் இரட்டிப்பாகித் திரும்பி வர எதுவுமே இருக்காது. ஆள் பார்த்துப் பாய்வதுதான் ஹார்ஸ்மேனை ஆடும் கலை.

தீஃபின் 'பேக்ஸ்டாப்' வேறு வகை, அவருடைய சேதத்தை மட்டும் இரட்டிப்பாக்கும். இலக்குக்கு நேர் எதிர்க் கட்டத்தில், இலக்கின் எதிரி ஒருவர் நிற்க வேண்டும். ஒரு கட்டம் பக்கவாட்டில் நின்றாலும் பலன் இல்லை. அங்கே நிற்பவர் கல்லாக மாற்றப்பட்டிருந்தாலும் பலன் இல்லை. இதுவும் தாக்கும்போது மட்டுமே.

எல்விஷ் ஷாமனின் 'ஸ்லோ' பற்றி அடிக்கடி கேட்கப்படுவது, "சென்ற சுற்றில் தளர்த்திய எதிரி இப்போது ஏன் முழுதாக அடிக்கிறார்" என்பது. தளர்வு, அந்த எதிரி தன் சுற்று ஒன்றை முடிக்கும்வரை நீடிக்கும். உங்கள் சுற்றில் அவரைத் தளர்த்தினால் அவருடைய அடுத்த சுற்று முழுவதும் பாதிச் சேதம்தான் தருவார். கிரண்டின் 9 அப்போது 5 ஆகும். அவர் தன் சுற்றில் ஷாமனைத் தாக்கி, பதிலடியில் தளர்ந்திருந்தால், அந்தச் சுற்று முடிந்ததுமே தெளிந்துவிடுவார். ஆகவே ஷாமன் முதலில் தாக்க வேண்டும், மற்றவர்கள் அதன் பிறகு. அந்தச் சண்டைக்குள்ளேயே, முதல் அடி பட்ட நொடியிலிருந்து பாதியாகும் என்பதால் வரிசை மாறினால் இழப்பு உங்களுக்குத்தான்.

அறிகுறி: 70 விழுக்காடு என்றார்கள், மூன்றும் தவறிவிட்டன

இதற்குச் சரிசெய்ய எதுவும் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அப்படிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தை விட்டுப் போகிறவர்கள் இங்கேதான் போகிறார்கள்.

மந்திரவாதியின் மூன்று வீச்சுகளும் தவற வாய்ப்பு 0.3 × 0.3 × 0.3, அதாவது 2.7 விழுக்காடு. சுமார் 37 தாக்குதல்களில் ஒன்று. ஒரு முழுக் கதைத்தொடரில் நீங்கள் நூற்றுக்கணக்கான தாக்குதல்கள் நடத்துவீர்கள், ஆகவே இது நிச்சயம் நடக்கும், ஒருமுறைக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு வீச்சும் தனித்தனி. முன்பு தவறியதை ஆட்டம் நினைவில் வைத்து ஈடுகட்டுவதில்லை, பட்டதற்குப் பழிவாங்குவதும் இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் பட்டியலில் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் தந்த சேதமும், கணக்குப்படி தந்திருக்க வேண்டிய சேதமும் பக்கம் பக்கமாக இருக்கும். வாங்கிய சேதத்துக்கும் அப்படியே. ஆட்டம் நீள நீள இரண்டும் நெருங்கி வருவதைக் காணலாம். தவறிய அடிகள் நினைவில் தங்குகின்றன. எதிரியின் அடி நம்மேல் தவறியதை யாரும் எண்ணுவதில்லை.

நம் கையில் இருப்பது வாய்ப்பின் வடிவம். ஊருக்குள் 60 விழுக்காடு தற்காப்போடு நிற்பவரை மூன்று வீச்சு ஆயுதத்தால் தாக்கினால், எல்லாமே தவற 21.6 விழுக்காடு வாய்ப்பு. அவரே புல்வெளியில் நின்றால் அது 6.4 விழுக்காடாகச் சுருங்கும். எதிரி ஊருக்குள் ஏறும் முன் அந்த ஊரில் நாம் போய் நிற்பதன் மதிப்பு இதுதான்.

வீச்சுகளின் எண்ணிக்கையும் அதே அளவு முக்கியம். டுவார்விஷ் தண்டரரின் துப்பாக்கி 18-1. இதற்குப் பக்கத்தில் 6-3 என்ற ஓர் ஆயுதத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 40 விழுக்காடு படும் இடத்தில் இரண்டுக்கும் சராசரி 7.2 சேதம். ஆனால் எதிரியிடம் 18 உயிர்ப்புள்ளி மிஞ்சியிருந்தால் துப்பாக்கி அவரை வீழ்த்த 40 விழுக்காடு வாய்ப்பு, மற்றதற்கு வெறும் 6.4. எதிரியிடம் 6 மட்டும் மிஞ்சியிருந்தால் துப்பாக்கிக்கு அதே 40, மற்றதற்கு 78.4. சராசரி ஒன்றாக இருந்தும் வேலை வேறு. பெரிய இலக்கைத் துணிந்து முடிக்க ஒற்றை வீச்சு. நொந்தவரை உறுதியாக முடிக்கப் பல வீச்சுகள்.

பதிலடி வராத தாக்குதல்களை முதலில் செய்து முடியுங்கள். மந்திரவாதியைக் கடைசிக்கு வைத்திருங்கள். முதல் இரண்டு பேர் எதிர்பார்த்ததைவிட நன்றாக அடித்துவிட்டால் அவரை வேறு இலக்குக்கு அனுப்பலாம், மோசமாக அடித்தால் அவர் ஈடுகட்டுவார். ஒரே வீச்சு பட்டாக வேண்டும் என்ற நிலையில் தலைவரின் உயிரை வைக்க வேண்டாம்.

அறிகுறி: எதிரி ஒன்றிரண்டு புள்ளியோடு ஒவ்வொரு முறையும் தப்புகிறார்

எலும்புக்கூடுகளுக்கு மற்றவர்களைப்போல விதவிதமான பண்புகள் கிடையாது, ஆகவே அவற்றின் உயிர்ப்புள்ளி எப்போதும் 34. பகலில் கதாயுதக்காரரின் இரண்டு அடிகளும் பட்டால் 32. இரண்டு புள்ளி மிஞ்சும். அந்த இரண்டு புள்ளிக்காக இன்னொரு வீரரின் தாக்குதல் முழுவதும் செலவாகும், அந்த வீரர் வேறெங்கும் போக முடியாமல் மாட்டிக்கொள்வார்.

இதே வீரருக்கு 'ஸ்ட்ராங்' பண்பு இருந்தால் கதாயுதம் 12 ஆகும். 12 × 1.25 × 1.2 = 18, இரண்டு அடிக்கு 36, எலும்புக்கூடு முடிந்தது. அடிப்படையில் ஒரே ஒரு புள்ளிதான் கூடியது. பண்பில்லாத வீரர் என்றாலும் லெஃப்டினென்டைப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு அடிக்கு 40. எதிரியின் உயிர்ப்புள்ளியை உங்கள் ஒரு அடியின் சேதத்தால் வகுத்துப் பாருங்கள். விடை ஒரு முழு எண்ணைச் சற்றே தாண்டி நின்றால், பொழுது, தலைமை, ஆள் மாற்றம் இவற்றில் ஏதாவது ஒன்றால் அந்த மிச்சத்தை அழிக்க முடியுமா என்று தேடுங்கள். விடை முழு எண்ணுக்கு வெகு கீழே இருந்தால் லெஃப்டினென்டை அங்கே வீணாக்க வேண்டாம்.

நச்சேற்றி விட்டுக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். நஞ்சு சுற்றுக்கு 8 புள்ளி குறைக்கும், ஆனால் 1 புள்ளியில் நின்றுவிடும். அதனால் யாரும் சாகமாட்டார்கள். எலும்புக்கூடு போன்ற இறந்தவர்களின் படைக்கு நஞ்சு ஏறவே ஏறாது. நச்சேறியவர் ஊருக்குள் போனால் அந்தச் சுற்றில் நஞ்சு மட்டும் இறங்கும், புள்ளி ஏறாது. ஆகவே அவரை முடிப்பதற்கான அடியை, அவர் ஊருக்குள் போய் நஞ்சு இறங்கிய அடுத்த சுற்றிலேயே கொடுத்துவிடுங்கள்.